இஞ்சாரும்

கட்டைபறிச்சானில் அந்த வருசங்களில் போன் வாங்கியவர்கள் அதை வீட்டில் வைத்துப் பயனில்லை, மரத்தில்தான் வைக்க வேண்டும். சிக்னல் என்கிற சாமான் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலைப் பட்டினத்துக் கோபுரத்திலிருந்து கடலைத் தாண்டி வந்தாக வேண்டும். வந்து சேரும்போது அதுவும் களைத்துப்போய், களப்பு என்கிற உப்பங்கழியின் கரையில் நின்ற பூவரசமரத்தடியில் குந்திவிடும். மரத்தை விட்டுக் கொஞ்சம் விலகினால் போன் செத்த மீன் மாதிரிக் கிடக்கும். அதனால் இறால் பிடிக்கப் போகிற பெண்கள் எல்லாரும் மரத்தில் ஆணி அறைந்து, போனை ஷொப்பிங் பைக்குள் போட்டுத் தொங்கவிட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். காற்றடித்தால் பைகள் சரசரக்கும். மஞ்சள் பூவும் பச்சைக் காயும் போனுமாக மரம் நிறைந்து நிற்கும்.

எல்லாப் போனும் ஒரே மாதிரி அடித்தால் யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே ஆளுக்கொரு சத்தம். இலட்சுமியின் போன் சேவலாகக் கூவும். கோணேஸ்வரியினுடையது, தண்டவாளமே இல்லாத அந்த ஊரில், ரயிலாக ஊதும். தங்கரத்தினம் முதலில் அம்புலன்ஸ் சத்தம் வைத்திருந்தாள். அது முதல்முறை அடித்தபோது களப்பில் நின்ற அத்தனை பேரும் கழுத்துவரை தண்ணீருக்குள் அமுங்கிவிட்டார்கள். இடம்பெயர்ந்து போய், ஷெல்லடிக்குள்ளால் நடந்து, திரும்பி வந்து ஒரு வருசம்கூட ஆகாத சனம். கரையேறியதும் எல்லாரும் சேர்ந்து தங்கரத்தினத்தைப் பேசித் தீர்த்தார்கள். அவள் தவளைச் சத்தத்துக்கு மாற்றினாள். மழை பெய்தால் எது போன் எது தவளை என்று தெரியாமல் அவளே ஓடி ஓடிக் களைத்தாள்.

பூரணியின் போன் மட்டும் மனிதக் குரலில் கூப்பிட்டது.

பூரணி சாம்பல்தீவுப் பெண். பட்டினத்துக்கு வடக்கே, குடாவின் அந்தக் கரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்து கொஞ்ச நாளிலேயே புருசன் தவராசா கட்டாருக்குப் போய்விட்டான். போவதற்கு முந்தின கிழமை அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது அவன் முற்றத்தில் நின்று கூப்பிட்டான். வாறன் என்று சொல்லிவிட்டு அவள் திருவலையோடே இருந்தாள். அவன் கையில் அவளுடைய போனின் ரெக்கோடர் அப்போது ஓடிக்கொண்டிருந்ததும், அதையே போன் அடிக்கிற சத்தமாக அவன் வைத்துவிட்டதும் அவளுக்குத் தெரியாது. அவன் போன பிறகு முதல் கோல் வந்தபோதுதான் தெரிந்தது.

"இஞ்சாரும்… இஞ்சாரும்… ஒருக்கா வாரும்."

பிறகு தேங்காய் திருவுகிற சர் சர் சத்தம். அதற்குப் பின்னால் தூரத்தில் அவளுடைய குரல்: "வாறனப்பா." மறுபடியும் முதலிலிருந்து, இஞ்சாரும்.

அந்தப் பக்கங்களில் புருசன் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. பெண்சாதி புருசன் பேரை வாயில் எடுப்பதே இல்லை. அவன் இஞ்சாரும் என்பான், அவள் இஞ்சாருங்கோ என்பாள். ஊரில் எந்த முற்றத்தில் அந்தச் சொல் கேட்டாலும் அந்த வீட்டுக்காரிக்குத் தன்னைத்தான் என்று தெரியும், குரல் தெரியுமல்லவா. ஆனால் மரத்தில் தொங்குகிற பைக்குள்ளிருந்து, சின்ன ஸ்பீக்கர் வழியாக, காற்றோடு தண்ணீர்மேல் வருகிற குரலை யார் அடையாளம் கண்டார்கள்?

முதல்நாள் அது களப்புக்குக் கேட்டபோது பெண்கள் இறாலுக்குக் குந்தியிருந்தார்கள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றை இரண்டு கையாலும் தடவி, விரலுக்குள் அகப்படுகிற இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பிரம்பில் பின்னிய வாய் ஒடுங்கிய கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பறி பல்லில் இருக்கும்வரை கதை பேச்சு இல்லை.

மரம் கூப்பிட்டது. கலியாணம் கட்டிய பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். தூக்கிய கையோடு, சீ, போன் என்று குனிந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாயிலிருந்து பறி தண்ணீரில் விழுந்து, காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் தெறித்தோடியது.

"வாறன்" என்றாள் கமலாதேவி.

இலட்சுமி பறியைக் கையில் எடுத்துவிட்டுச் சிரித்தாள். "ஏனக்கா, அங்க கட்டாரிலயிருந்து அந்தாள் பூரணியைக் கூப்பிட, நீங்கள் எங்க ஓடுறியள்?"

கமலாதேவி தவராசாவின் அண்ணன் பெண்சாதி. அந்த அண்ணன் ஆனந்தராசா இடம்பெயர்ந்த அன்று வழியில் திரும்பிப் போனவன். பட்டியில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். இஞ்சாரும், நீர் நடவும், நான் பின்னால வாறன் என்று றோட்டில் நின்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். மாடுகள் பிறகு காட்டில் அலைந்து திரிந்ததைக் கண்டவர்கள் உண்டு. அவனைக் கண்டவர்கள் இல்லை. மாமியும் முகாமில் கண்ணை மூட, இப்போது அந்தத் தகரக் கொட்டிலில் கமலாதேவியும் பூரணியும்தான்.

பூரணி அன்று சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தாள். வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். களப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிப் புருசன் கூப்பிடுகிறான், யாருக்குக் கிடைக்கும்? கமலாதேவி வெறும் பறியைத் தண்ணீரில் அலசியதை அவள் கவனிக்கவில்லை. கவனித்தாலும் என்ன என்று நினைத்திருக்க மாட்டாள்.

அடுத்த கிழமை அந்தக் குரல் இன்னொருவனையும் எழுப்பியது. பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரப் பெடியன் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பெண்களுக்கு மட்டும் பாஸ் கொடுத்த கரையில் ஆம்பிளைக் குரல்.

"எங்க ஆள்? ஆம்பிளை ஆள் எங்க?"

"மரத்துக்கு மேல பாருங்கோ" என்றாள் இலட்சுமி.

அவன் உண்மையிலேயே மேலே பார்த்தான். மரத்தைச் சுற்றி வந்தான். இலட்சுமி பூரணியின் பையைக் கழற்றி, போனை எடுத்துக் காட்ட, பூரணி அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். அவன் காதைச் சரித்துக் கேட்டான். தேங்காய் திருவுகிற சத்தம் வந்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. எந்தப் பாசைக்காரர் குசினியிலும் அது ஒரே சத்தம்தானே.

"ஹஸ்பண்ட்?"

"ஓம். கட்டார்."

"என்ட அண்ணாவும் கட்டார்" என்று சொல்லிவிட்டுத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். போகும்போது திரும்பி மரத்தை ஒருமுறை பார்த்தான்.

மேற்கேயிருந்து வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. களப்பு வற்றி, தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பெண்கள் கரையேறும்போது சேலைக் கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். மத்தியானத்தில் மூதூரிலிருந்து பல்கீஸ் ராத்தா இறால் எடுக்க வருவாள். சைக்கிள் கரியரில் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸ், கைப்பைக்குள் தராசு. மரத்தடியில் இருந்து நிறுப்பாள். அவளுடைய போன் மரத்தில் தொங்குவதில்லை, மடியில் இருக்கும். அடித்தால் அவள் பேத்தி சிரிக்கிற சத்தம் வரும். பல்லில்லாத வாயால் குழந்தை சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கேட்டால் நிறுவையில் ஏமாந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் மிஸ்ட் கோல் வரத் தொடங்கியது.

"இஞ்சாரும்… இஞ்சாரும்… ஒருக்கா வாரும்." அவ்வளவுதான். பூரணி பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரை உழக்கி வருவதற்குள் நின்றுவிடும். பார்த்தால் கட்டார் நம்பர் இல்லை. இந்த நாட்டு நம்பர். தெரியாத நம்பர். முதல்நாள் யாரோ பிழையாக அடித்தது என்று நினைத்தாள். அடுத்த நாளும் வந்தது. ஒரு நாள் வராது, பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல வரும். எடுக்கிறதற்கு முன்னம் நின்றுவிடும்.

திருப்பி அடித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தெரியாத நம்பருக்கு அடிக்காதே என்று யார்தான் அந்தக் காலத்தில் சொல்லவில்லை? அடித்தவன் யார், எந்தக் கூட்டம், எதற்கு அடிக்கிறான் என்று கேட்கவே பயமாக இருந்தது. ஆளைக் கடத்துகிற வெள்ளை வான்கள் அப்போது றோட்டில் திரிந்ததைவிட அவற்றின் கதைகள் வீடுகளுக்குள் கூடுதலாகத் திரிந்தன. பிடித்துக்கொண்டு போகிறதற்கு முன்னம் ஆள் இருக்கிறதா என்று போன் அடித்துப் பார்ப்பார்களாம். சாம்பல்தீவில் தாய் சொன்னது. ஆனால் தன்னை எதற்கு? அவளுக்கு விளங்கவில்லை.

"ஆரடி அந்தாள், ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோத்து நேரத்துக்கு அடிக்கிறது?" என்று இலட்சுமி மற்றவர்களுக்குக் கேட்கக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"நம்பரைத் தா, நான் அடிச்சு நாலு கதை கேக்கிறன்."

"வேண்டாமக்கா, சும்மா விடுங்கோ."

வேண்டாம் என்று சொன்னதுதான் பிழையாகப் போயிற்று. இலட்சுமியின் தம்பியும் கட்டாரில், தவராசா தங்கியிருந்த வேலைக் காம்பில்தான் இருந்தான். சேவல் கூவினபோது இலட்சுமி என்ன கதைத்தாளோ, வெள்ளிக்கிழமை தவராசா எடுத்த கோலில் சுகம் விசாரிப்பு இல்லை.

"ஆர் உமக்கு அடிக்கிறது?"

"எனக்குத் தெரியாதுங்கோ."

"தெரியாத ஆள் ஒவ்வொரு நாளும் அடிப்பானோ?"

"அடிச்சிட்டு வைக்கிறாங்கள். கதைக்கிறதில்லை. நான் எடுக்க முன்னம் நிண்டிடும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அங்கயிருந்து என்ன செய்ய?"

அது கேட்கக் கூடாத கேள்வி. அவனுக்குப் பின்னால் எதையோ இரும்பால் அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"ஆரும் வெருட்டுறாங்களோ? உண்மையைச் சொல்லும்."

"இல்லையெண்டு சொல்லுறனே."

"வெருட்டாட்டி வேற என்ன? ரெண்டில ஒண்டுதானே." அதற்குப் பிறகு அவன் குரல் தணிந்தது. கோபத்தைவிட அதுதான் அவளைக் கலக்கியது. "சரி. நான் வந்திடுறன். அரபி முதலாளியிட்டப் பாஸ்போட்டைக் கேட்டு வாங்கிட்டன்."

எங்கே வருவான்? கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கட்டைபறிச்சான்வரை எத்தனை சென்றி. இறக்கி ஏற்றுகிற ஒவ்வொரு இடத்திலும், மூதூர் அடையாள அட்டை, இளந்தாரி, ஏன் வெளிநாடு போனாய், ஏன் திரும்பி வந்தாய். போன மாதம் தோப்பூர்ப் பக்கம் சைக்கிளில் போன பெடியன் ஒருவனின் சைக்கிள் மட்டும் வாய்க்காலுக்குள் கிடந்தது. ஒரு வீட்டுக்கு ஒருத்தன் காணாமல் போனது போதாதா?

அன்று பின்னேரம் கமலாதேவி அடுப்படியில் இறால் சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். புட்டு அவிந்துகொண்டிருந்தது. பூரணி வாசற்படியில் இருந்து நடந்ததைச் சொன்னாள். மிஸ்ட் கோல், இலட்சுமி, கட்டார், பாஸ்போட், எல்லாம். சொல்லச் சொல்லத் தனக்கே தலையும் வாலும் பிடிபடவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு பிழையும் விளங்கேல்லை. ஆரக்கா அது? நான் ஆருக்கு என்ன செய்தனான்?"

கமலாதேவி பிழிந்த தேங்காய்ப்பூவையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். பால் வருவது எப்போதோ நின்றிருந்தது.

"தம்பியை வரச் சொல்லாத."

"நான் சொல்லேல்லையக்கா, அவராத்தான்."

"வரவேண்டாமெண்டு சொல்லு. எதைச் சொல்லியெண்டாலும் மறி. வரப்படாது, பிள்ளை." புட்டுக் குழலிலிருந்து ஆவி வந்து அவள் முகத்தை மூடியது. "இனி அந்தக் கோல் வராது."

"உங்களுக்கென்னெண்டு தெரியும்?"

"வராதெண்டு நினை."

சொன்ன மாதிரியே வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க மத்தியானத்தில் மரம் சேவலாகக் கூவியது, ரயிலாக ஊதியது, தவளையாகக் கத்தியது. இஞ்சாரும் என்று கூப்பிடவில்லை. பூரணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குள் சொன்ன கதை எப்படி வெளியே இருக்கிற ஒருவனுக்குப் போய், அவன் நிறுத்தினான்? குழப்பம் இரட்டித்தது. கமலாதேவியும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். மத்தியானமானால் பறி பல்லில் இருக்க, கை சேற்றில் அசையாமல் நிற்கும். முகம் மரத்தின் பக்கம் இருக்கும்.

பிறகொரு நாள் பூரணியின் கையில் கெளிற்று மீன் குத்தியது. முள் ஏறிய இடம் வீங்கி, கடுப்பு தோள்வரைக்கும் ஏறியது. கமலாதேவி சுண்ணாம்பு பூசிவிட்டு, வீட்டிலே கிட என்று சொல்லி, போனை மட்டும் கொண்டுபோய் மரத்தில் மாட்டினாள். தம்பி எடுத்தால் நான் கதைக்கிறன் என்றாள். பூரணி மத்தியானம்வரை படுத்துப் பார்த்தாள். தகரக் கூரையின் வெக்கையும் கைக் கடுப்பும் சேர்ந்து இருக்க ஏலாமல், கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு தாழம்பற்றை ஓரமாகக் கரைக்கு நடந்தாள்.

மரத்தடியில் பல்கீஸ் இலட்சுமியின் இறாலை நிறுத்துக்கொண்டிருந்தாள். பூரணி மரத்தின் பின்பக்கமாக வந்தபோது அவள் தலைக்கு நேரே போன் கூப்பிட்டது.

"இஞ்சாரும்… இஞ்சாரும்… ஒருக்கா வாரும்."

நின்றது.

கையை நீட்டப் போனவள் நீட்டியபடியே நின்றாள். என்னவோ ஒன்று குறைந்தது. தவராசாவின் கோல் வரும்போது அவள் தூரத்தில் நின்றால் தேங்காய் திருவுகிற சத்தம் வரும், வாறனப்பா வரும். வாறனப்பா, வாறனப்பா என்று இலட்சுமி பழித்துக் காட்டுவாள். இந்த மிஸ்ட் கோலில் மட்டும் ஒரு நாளாவது தன் குரலைக் கேட்டதுண்டா? இல்லை. ஒவ்வொரு முறையும் வாரும் என்ற சொல்லோடு நின்றது. சர் என்ற சத்தம் தொடங்குவதற்கு முன்னமே நின்றது. கொழும்பிலோ வேறெங்கோ இருந்து அடிக்கிற ஒருவனுக்கு, இங்கே மரத்தில் எந்த இடத்தில் என்ன சத்தம் வருகிறது என்று எப்படித் தெரியும்?

இந்தக் குரலைக் காதால் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள்தான் அடிக்கிறது.

பையைக் கழற்றினாள். இடது கைப் பெருவிரலால் அந்த நம்பரைத் தேடி அமத்தினாள்.

மரத்தை ஒட்டி நின்ற தாழம்பற்றைக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரித்தது.

பல்லில்லாத வாயால், விழுந்து விழுந்து சிரித்தது. பல்கீஸ் தராசை அப்படியே பிடித்தபடி இருந்தாள். தட்டிலிருந்து இறால் ஒன்று துள்ளி மணலில் விழுந்தது. "அல்லாவே" என்றாள் மெதுவாக. பற்றைக்குப் பின்னாலிருந்து கமலாதேவி எழுந்தாள். ஈரச் சேலை, பல்லுக்குப் பழகிய பறி கழுத்தில். கையில் சிரித்துக்கொண்டே இருக்கிற போன். அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடிக்கவும் வைக்கவும்தான் பழகியிருந்தாள். வந்த கோலை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை.

பூரணி தன் போனை நிறுத்தினாள். குழந்தை சிரிப்பை விட்டது.

"கோவிக்காத புள்ள" என்றாள் பல்கீஸ். "நாந்தான் குடுத்தன். ஒருக்காக் கேட்டிட்டுத் தாறன் எண்டுச்சு. எப்பிடி இல்லையெண்டு சொல்ற?"

"நீங்களோ அக்கா?" என்றாள் பூரணி. பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. "நான் எவ்வளவு பயந்தனான்? அவர் அங்க வேலையை விட்டிட்டு வாறன் எண்டு நிக்கிறார். நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே."

"நிப்பாட்டினனான், பிள்ளை. நீ சொன்ன அண்டோட நிப்பாட்டினனான். இண்டைக்கு நீ வரமாட்டாயெண்டு…"

"ஏனக்கா?"

கமலாதேவி மணலில் இருந்துவிட்டாள்.

"எனக்கு விசரெண்டு நினைக்காத. அது தம்பியின்ர குரல் எண்டு எனக்குத் தெரியும். ஆனா முதல்நாள் கேக்கேக்க கால் எழும்பிட்டுது. காதுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியேல்லை. அதுக்குப் பிறகு மத்தியானமானா… அது கூப்பிடாட்டி ஏலாமல் போச்சு."

"அதுக்கு ஏன் இடையில வைக்கிறியள்?"

"உன்ர குரல் வந்தா அது உன்ர மனிசன்." கமலாதேவி நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலைக் கரையில் காய்ந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அதுக்கு முன்னம் நிப்பாட்டினா, அது ஆரின்ர மனிசனாயும் இருக்கலாம்."

இலட்சுமி தன் வெறும் பறியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள் பூரணி மறுபடி. இப்போது அதில் கோபம் பாதிதான் இருந்தது.

"என்னெண்டு கேக்கிறது? உன்ர மனிசன்ர குரலை எனக்கு ஒருக்காத் தா எண்டு கேக்கிறதோ? வாய் வருமோ, பிள்ளை?"

வெள்ளிக்கிழமை தவராசா எடுத்தபோது பூரணி மரத்தடியில் தனியாக நின்று சொன்னாள். பல்கீஸ் ராத்தாவின் நம்பர் அது, இறால் விசயமாக அடித்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். அது நம்பக்கூடிய பொய். ஆனால் வாய் திறந்ததும் உண்மை வந்துவிட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"கதவுக்கு வெளியில நிண்டு கூப்பிட்டா அண்ணனோ நானோ எண்டு அம்மாவுக்கே தெரியாது" என்றான் அவன். "அவன் செய்த பிழைக்கு எனக்கு அடி விழும்." மூக்கை உறிஞ்சினான். "அந்தச் சத்தத்தை மாத்தும் என்ன. அண்ணிக்கு அது கரைச்சல்."

"மாத்தத்தான் போறன். நீங்கள் வரமாட்டியள்தானே?"

"பாஸ்போட்டைத் திருப்பிக் குடுக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, "அப்ப எனக்கு என்ன சத்தம் வைப்பீர்?"

"யோசிச்சுப் பாக்கிறன்" என்றாள். அவன் சிரித்தான். அவளுக்கும் கண் நிறைந்து சிரிப்பு வந்தது.

கை வீக்கம் வற்றியதும் பூரணி பல்கீஸோடு மூதூருக்குப் போனாள். ஸஹாப்தீன் கடை என்பது ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு கொம்பியூட்டரும்தான். சுவரில் போன் திரைக்குப் போடுகிற படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ரோசாப்பூ, மக்கா, முருகன், பனி பெய்கிற ஏதோ ஒரு நாடு, நடிகைகள். போனுக்குப் போடுகிற உறைகள் மணிமாலை மாதிரித் தொங்கின.

"புதுப் பாட்டெல்லாம் வந்திருக்கு தங்கச்சி. என்ன போட?"

"பாட்டு வேண்டாம் நானா. ஒரு சைக்கிள் மணிச் சத்தம் வேணும். பிறகு இதில ஒண்டு வெட்ட வேணும்."

அவன் கேட்டுப் பார்த்தான். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்சாரும். பல்கீஸ் முக்காட்டைச் சரி செய்துகொண்டு றோட்டைப் பார்த்தாள்.

"எந்த இடத்தில வெட்ட?"

"தேங்காய் திருவுற சத்தத்துக்கு முன்னால."

"அதுக்குப் பிறகு ஒரு பொம்புளைக் குரல் வருதே. நீங்களா? வடிவா இருக்கே, அதை ஏன் வெட்ற?"

"அது தேவையில்லை" என்றாள் பூரணி.

திரையில் அவளுடைய குரல் ஒரு சின்னக் கோடாகத் தெரிந்தது. அவன் அதைக் கறுப்பாக்கி, ஒரு விசையை அமத்தினான். கோடு போய்விட்டது. இவ்வளவு லேசாகப் போய்விடும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கணம், வேண்டாம், திருப்பிப் போடுங்கோ என்று சொல்ல நாக்கு எழுந்தது. தவராசா அவளுக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதானே. இப்போது செய்வது நல்லதா, அந்த மனிசியை இன்னும் கிணற்றுக்குள் இறக்குகிற வேலையா? கேட்பதற்கும் ஆளில்லை.

சைக்கிள் மணி கட்டார் நம்பருக்கு. கல்யாணம் பேசிய நாட்களில் தவராசா சாம்பல்தீவு ஒழுங்கையில் காரணமில்லாமல் அடித்துக்கொண்டு போகிற மணி அந்த மாதிரித்தான் இருந்தது. வெட்டிய குரல் இன்னொரு நம்பருக்கு. எந்த நம்பர் என்று ஸஹாப்தீன் கேட்க, அவள் பல்கீஸைக் காட்டினாள்.

"என்ட நம்பருக்கா? என்னத்துக்கு புள்ள?"

"நீங்கள் மத்தியானம் லுஹர் தொழுதிட்டு, சைக்கிள் எடுக்க முன்னம் ஒருக்கா அடியுங்கோ ராத்தா. நான் எடுக்க மாட்டன். ஆரும் எடுக்க மாட்டினம். அதுவா நிக்கும்வரைக்கும் விடுங்கோ."

பல்கீஸ் அவளைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அடுத்த நாள் கச்சான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. பூரணி கமலாதேவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் குந்தி, பறியைக் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. காலையில் சைக்கிள் மணி ஒருமுறை கிணுகிணுத்து, பூரணி போய்க் கதைத்துவிட்டு வந்திருந்தாள். மணிச் சத்தத்தைக் கேட்டபோது கமலாதேவி ஒருமுறை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் குனிந்தாள். அந்தக் குரல் போய்விட்டது என்று அவள் தெரிந்துகொண்ட விதத்தைப் பார்க்கப் பூரணிக்குப் பொறுக்கவில்லை. பறி பல்லில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மரம் கூப்பிட்டது.

"இஞ்சாரும்… இஞ்சாரும்… ஒருக்கா வாரும்."

களப்பில் யாரும் சிரிக்கவில்லை. இலட்சுமி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பூரணி தலையைத் தூக்கவில்லை. அவளுடைய விரலுக்குள் ஒரு இறால் துடித்துக்கொண்டிருந்தது, அதை விடாமல் பிடித்துக்கொண்டு சேற்றையே பார்த்தாள். பக்கத்தில் கமலாதேவியின் தண்ணீர் அசைவது தெரிந்தது. சர் சர் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள். அது வந்தால் முடிந்தது.

வரவில்லை. குரல் முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ மறுமொழிக்கு நிற்கிற மாதிரி ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும்.

"இஞ்சாரும்…"

கமலாதேவி பூரணியைப் பார்த்தாள். பூரணி குனிந்தே இருந்தாள்.

பறி இந்த முறை விழவில்லை. கமலாதேவி அதைப் பல்லிலிருந்து ஆறுதலாக எடுத்து, பூரணியின் கழுத்தில் மாட்டினாள். முந்தானையைப் பிழிந்து உதறிக்கொண்டாள். தண்ணீருக்குள்ளால் கரையை நோக்கி நடக்கத் தொடங்கும்போது, வீட்டு முற்றத்தில் நிற்கிற ஒரு ஆளுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவில் சொன்னாள்.

"வாறன்."